கடுகுரோகிணியை ஊட்டியில் நட்டால் என்ன?

12 மே 2024, ஈரோட்டு வாசகர் ஒருவர் கேட்டது

"கடுகுரோகிணி இமயமலையில் அழிந்துகொண்டு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். சரி. அதை எடுத்து வந்து ஊட்டியிலோ கொடைக்கானலிலோ நட வேண்டியதுதானே? உருளைக்கிழங்கும் கேரட்டும் வெளியில் இருந்து வந்தவைதான். செடி அதே செடி என்றால் மருந்தும் அதே மருந்துதானே? நடுவில் ஜீன், ஸ்விட்ச் என்று எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்?"

12 மே, இரவு

செடி அதே செடிதான். மருந்து அப்படி இல்லை.

ஐந்து வருடம் இமாசலத்தில் ஓர் ஆய்வகத்தில் இந்த மூலிகைச் செடியோடுதான் இருந்தேன். அங்கே இதன் பெயர் குட்கி. கண்ணாடிப் புட்டியில் வளர்த்திருக்கிறேன், தொட்டியில் வளர்த்திருக்கிறேன், மூவாயிரம் மீட்டருக்கு மேலே ஏறிப் போய் அதன் சொந்த மண்ணிலும் பார்த்திருக்கிறேன். மூன்று இடத்திலும் இலை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கசப்பு மட்டும் ஒரே மாதிரி இருக்காது.

கசப்புதான் இங்கே பேச்சே. பிக்ரோரைசா என்ற தாவரவியல் பெயருக்குக் கிரேக்கத்தில் கசப்பு வேர் என்றுதான் பொருள். அந்தக் கசப்புக்குக் காரணமான பொருள்களை பிக்ரோசைடு என்கிறார்கள். கல்லீரலுக்கு நல்லது என்று ஆய்வுகள் காட்டுவதும் அவற்றைத்தான். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இதன் வேரில் இருந்து பிக்ரோலிவ் என்று ஒரு சாற்றுப் பொருளையே உருவாக்கியது.

பிக்ரோசைடைச் செய்வது செடிக்குள் இருக்கும் நொதிகள். அந்த நொதிகளுக்கான எழுத்து ஜீனில் இருக்கிறது. எல்லா செல்லிலும் இருக்கிறது. ஆனால் எழுதியிருப்பதை எப்போதும் யாராவது படித்துக்கொண்டே இருப்பதில்லை. எப்போது படிப்பது, எவ்வளவு படிப்பது என்பது தனிக் கணக்கு. அந்தக் கணக்கைத்தான் ஜீன் ஒழுங்குமுறை என்று சொல்கிறோம்.

இந்தச் செடிக்குக் குளிர்தான் ஸ்விட்ச். இமாசலத்தில் உள்ள பாலம்பூரில் இருந்து 2010இல் வந்த ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டியது. 15 டிகிரியில் வளர்ந்த செடியில் பிக்ரோசைடு கூடுதல், 25 டிகிரியில் குறைவு. வெளிச்சத்தில் கூடுதல், இருட்டில் குறைவு. செடி ஒரு பொருளைப் படிப்படியாகச் செய்யும் வரிசையைப் பாதை என்பார்கள்; பொருளின் அளவோடு சேர்ந்து, பிக்ரோசைடு பாதையின் இரண்டு முக்கிய ஜீன்களும் அதே திசையில் ஏறி இறங்கின. அந்த ஜீன்களுக்கு முன்னால் இருக்கும் டிஎன்ஏ பகுதியைப் பிரித்துப் படித்ததில், வெளிச்சத்துக்கும் வெப்பநிலைக்கும் பதில் சொல்லும் எழுத்துத் துண்டுகள் அங்கேயே இருந்தன.

13 மே

காலையில் திண்டுக்கல்லில் இருந்து மாமா கூப்பிட்டார். நாற்பது வருடமாக நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர். நேற்று எழுதியதை அத்தை படித்துக் காட்டியிருக்கிறார்.

"ஏன் மாப்ள, கசப்பு ஒரே மாதிரி இருக்காதுன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா? மூட்டை வந்ததும் ஒரு துண்டை ஒடிச்சு நாக்குல வச்சுப் பார்த்துட்டுத்தானே நான் காசே குடுக்கிறேன்."

உண்மைதான். சின்ன வயதில் அந்தக் கடையில் அதிமதுரம் என்று நினைத்து நான் வாயில் போட்டது இதைத்தான். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அந்தக் கசப்பு எந்த மலையில் இருந்து வருகிறது என்று கேட்கவே எனக்குப் பதினைந்து வருடம் ஆனது. மாமாவிடம் இன்று கேட்டேன். "டெல்லி சந்தையில இருந்து வருது. அதுக்கு மேல யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

14 மே

அந்த "இரண்டு ஜீன்" எவை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், வேதியியல் வேண்டாதவர்கள் தாண்டிப் போய்விடலாம்.

பிக்ரோசைடு துண்டு துண்டாகச் சேர்ந்த பொருள். இரிடாய்டு என்ற வகை மூலக்கூறு ஒன்று, அதில் ஒட்டிய சர்க்கரை ஒன்று. இரண்டும் சேர்ந்ததற்குக் கேட்டல்பால் என்று பெயர். கேட்டல்பாலோடு சின்னமிக் அமிலம் சேர்ந்தால் பிக்ரோசைடு 1. வனிலிக் அமிலம் சேர்ந்தால் பிக்ரோசைடு 2. பெயரிலேயே உறவு தெரியும்: ஒன்று லவங்கப்பட்டை வீட்டுப் பிள்ளை, இன்னொன்று வெனிலா வீட்டுப் பிள்ளை. இரண்டு மணமான குடும்பங்கள் சம்பந்தம் செய்து பிறந்தது இவ்வளவு கசப்பு.

இரிடாய்டுக்கான மூலப்பொருளைச் சமைக்கச் செடிக்கு இரண்டு அடுப்பு உண்டு. ஒன்று பச்சையம் இருக்கும் கணிகத்துக்குள். இன்னொன்று அதற்கு வெளியே, செல்லின் பொது இடத்தில். முதல் அடுப்பைப் பற்றவைக்கும் நொதியின் ஜீன் ஒன்று, இரண்டாம் அடுப்பின் தீயைக் கூட்டிக் குறைக்கும் நொதியின் ஜீன் ஒன்று. பாலம்பூர்க்காரர்கள் பார்த்தது இந்த இரண்டையும்தான். இரண்டாவது நொதியின் பெயர் எச்எம்ஜி ரிடக்டேஸ். பெயர் புதிதாக இருக்கலாம், ஆனால் வீட்டில் யாராவது கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை போடுகிறார்கள் என்றால், அந்த மாத்திரை மறிப்பது இதன் மனித வடிவத்தைத்தான்.

மூன்றாவது பாதை சின்னமிக், வனிலிக் அமிலங்களுக்கு. ஆக மூன்று இடத்தில் நடக்கும் சமையல் ஒரே நேரத்தில் தயாராகி ஒரே இலையில் பரிமாறப்பட வேண்டும். ஒன்று பிந்தினாலும் பந்தி நிற்கும். ஒரு ஜீனை மட்டும் முடுக்கிவிட்டு மருந்தைப் பெருக்கிவிடலாம் என்று யாராவது எளிதாகச் சொன்னால் எனக்கு நம்பிக்கை வராததற்கு இதுதான் காரணம்.

14 மே, மதியம்

கேட்டல்பால் என்ற பெயர் கேட்டல்பா மரத்தில் இருந்து வந்தது. அந்த மரத்தின் இலையைத் தின்னும் ஒரு அந்துப்பூச்சியின் புழு, இந்தக் கசப்பைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. நாம் மருந்து என்பதைச் செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்கிறது, புழு அதையே தன் பாதுகாப்புக்கு எடுத்துக்கொள்கிறது. நம் கல்லீரல் செடியின் யோசனையிலேயே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் எழுதப் போவது எல்லாம் எளிதாகப் புரியும்: செடிக்குத் தேவை வரும்போதுதான் மருந்து வரும்.

19 மே

12ஆம் தேதி "குளிர்தான் ஸ்விட்ச்" என்று எழுதியது அவசரம். திருத்துகிறேன்.

குன்னூரில் இருந்து ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். "15 டிகிரிதான் வேண்டும் என்றால் ஊட்டியில் வருடம் முழுக்க ஏறக்குறைய அதுதானே? நீங்கள் சொல்கிற கணக்கிலேயே ஊட்டிதானே பொருத்தமான ஊர்?"

என் வாக்கியத்தை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் வரும். வாக்கியம்தான் தப்பு. இரண்டு விஷயத்தை விட்டுவிட்டேன்.

ஒன்று, எந்த உறுப்பு என்பது. பிக்ரோசைடு 1 முக்கியமாக இலையிலும் தண்டிலும் சேர்கிறது. பிக்ரோசைடு 2 மண்ணுக்குள் படரும் தண்டிலும் வேர்த்தண்டிலும். கடையில் விற்பது அந்த வேர்த்தண்டு. இலைக்கு 15 டிகிரி பிடித்திருக்கிறது என்பதை வைத்து வேர்த்தண்டின் கணக்கை எழுத முடியாது.

இதை நான் சிரமப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் வருடம், புட்டியில் வளர்ந்த தளிர்களில் பிக்ரோசைடு 2 எவ்வளவு என்று, கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் அளக்கப் போனேன். பொருள் இருந்தால் வரைபடத்தில் எழ வேண்டிய சிகரமே வரவில்லை. கருவிதான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். கரைப்பானை மாற்றினேன், பிரிக்கும் குழாயை மாற்றினேன், இரவில் தனியாக உட்கார்ந்து மறுபடி ஓட்டினேன். தூய பிக்ரோசைடு 2 மாதிரியைச் செலுத்தினால் சிகரம் அழகாக நிற்கிறது. என் தளிரைச் செலுத்தினால் தரை. கடைசியில் பக்கத்து மேசையில் இருந்த அக்கா வந்து புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல மண்ணுக்கடியில இருக்க வேண்டிய தண்டே இல்லையே" என்றார். கருவி முதல் நாளில் இருந்தே சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, வருடச் சுற்று. குட்கியின் வாழ்க்கை பனியைச் சுற்றி அமைந்தது. பனி உருகியதும் துளிர்த்து, சில மாத வெயிலுக்குள் இலை விட்டு, பூத்து, காய்த்து, இலையுதிர் காலத்தில் மேலே எல்லாம் காய்ந்து, மறுபடி பனிக்கடியில் தூங்கும். ஊட்டி 2240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2637 மீட்டர். அங்கே உறைபனி விழும், ஆனால் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் பனிக்காலம் கிடையாது. செடியை "இப்போது விழி, இப்போது தூங்கு" என்று நடத்துகிற அந்தத் தாளம் அங்கே இல்லை.

ஆகவே திருத்திய வாக்கியம்: குளிர் ஒரு ஸ்விட்ச். வெளிச்சம் ஒன்று, உறுப்பு ஒன்று, பருவம் ஒன்று, செடியின் வயது ஒன்று.

20 மே

ஊட்டி யோசனைக்கு எதிராக இன்னொன்றும் இருக்கிறது, நேற்றே எழுதியிருக்க வேண்டும். இது மண்ணுக்குள் படர்ந்து பெருகும் செடி. வெளியில் இருந்து வந்த வாட்டில் மரம் நீலகிரிப் புல்வெளிகளை எப்படி விழுங்கியது என்று பார்த்தவர்கள் யாரும் வெளிச்செடி ஒன்றை அங்கே இறக்கச் சொல்ல மாட்டார்கள்.

2 ஜூன்

"அழிந்துவரும் மூலிகையின் ஜீன் ஸ்விட்சைப் படித்து இதுவரை யாருக்காவது ஏதாவது பயன் உண்டா?" என்று ஒருவர் கோபமாகவே கேட்டிருக்கிறார். உண்டு. எனக்கு மிகவும் பிடித்த கதை அது.

இமயமலையிலேயே பொடோபில்லம் என்று ஒரு செடி. சிவப்புப் பழம், குடை போன்ற இலை. இதன் வேர்த்தண்டில் இருக்கும் பொடோபிலோடாக்சினில் இருந்துதான் எட்டோபோசைடு என்ற புற்றுநோய் மருந்தைச் செய்கிறார்கள். இதையும் வேரோடு பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். 1990இலேயே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கான சைட்டீஸ் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மருந்தைச் செய்யும் பாதையில் முதல் சில ஜீன்கள் தெரிந்திருந்தன, மீதி தெரியாது. ஒரு செடியில் பல்லாயிரம் ஜீன்கள். எதைத் தேடுவது?

அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் வாரன் லாவ், எலிசபெத் சாட்டலி என்ற இருவர் செய்தது எளிமையான காரியம். இலையைக் காயப்படுத்தினார்கள். காயம் பட்ட இலை சில மணி நேரத்தில் அந்தப் பாதையின் பொருள்களைக் கூடுதலாகச் செய்யத் தொடங்கியது. அப்போது தெரிந்த ஜீன்களோடு சேர்ந்து வேறு எந்த ஜீன்கள் விழிக்கின்றன என்று பார்த்தார்கள். ஒரே மணியடிக்கும்போது எழுந்து வருகிறவர்கள் ஒரே வேலைக்குப் போகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்ற கணக்கு. அப்படி வந்தவற்றைப் புகையிலையின் உறவுச் செடி ஒன்றில் ஏற்றிச் சோதித்து, விட்டுப்போன ஆறு நொதிகளையும் கண்டுபிடித்தார்கள். 2015இல் வெளியானது. பத்து ஜீன்களைச் சேர்த்து ஏற்றியபோது, எட்டோபோசைடுக்கு நேர் முந்தைய பொருள் அந்தப் புகையிலை உறவின் இலையிலேயே உருவானது. மலையில் ஒரு செடியைக்கூடப் பிடுங்காமல்.

ஸ்விட்சைப் புரிந்துகொண்டதால்தான் விளக்கு எங்கே இருக்கிறது என்றே தெரிந்தது. இதை முதல் முறை படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

2 ஜூன், பின்னிரவு

காயம் எப்படி ஜீனுக்குச் சேதி சொல்கிறது என்பதை விட்டுவிட்டேன். காயம் பட்டதும் செடியில் ஜாஸ்மோனிக் அமிலம் உருவாகிறது. சாதாரண நேரத்தில், பாதுகாப்பு ஜீன்களை எழுப்ப வேண்டிய புரதத்தை இன்னொரு புரதம் கட்டிப் பிடித்து உட்கார்த்தி வைத்திருக்கும். ஜாஸ்மோனேட் வந்ததும் அந்தக் காவல்காரப் புரதம் சிதைக்கப்படும். பிடி விட்டதும் முதல் புரதம் போய் ஜீன்களின் வாசலில் அமர்ந்து எழுப்பும். ஆக ஸ்விட்ச் போடுவது என்பது பல நேரம் ஒரு பூட்டை உடைப்பதுதான்.

பெயரைக் கவனியுங்கள். ஜாஸ்மோனிக், மல்லிகை. மெத்தில் ஜாஸ்மோனேட்டை முதலில் பிரித்தெடுத்தது நம் ஜாதிமல்லி எண்ணெயில் இருந்து, 1962இல். நாம் தலையில் வைத்துக்கொள்கிற மணத்தின் ஒரு பங்கு, செடிகளுக்குள் ஆபத்துச் சேதியாக ஓடுகிறது.

9 ஜூன்

தாராபுரம் பக்கத்தில் இருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். "எங்கள் கண்வலிக்கிழங்குக்கும் இதே கதையா?"

உங்கள் கதை இன்னும் நெருக்கமானது. செங்காந்தள், நம் மாநில மலர். அதன் விதையில் கால்சிசின். மூட்டு வீக்கமான கௌட்டுக்கு மருந்து. மேலே சொன்ன அதே ஸ்டான்போர்டு குழு 2020இல் கால்சிசின் பாதையைத் திறந்தது, திறக்க எடுத்துக்கொண்டது உங்கள் செங்காந்தளைத்தான். எந்த உறுப்பில் கால்சிசின் கூடுதலோ அங்கே எந்த ஜீன்கள் கூடுதலாக விழித்திருக்கின்றன என்று பார்த்துப் பிடித்தார்கள். பதினாறு நொதிகளைப் புகையிலை உறவில் ஏற்றி, கால்சிசினுக்கு மிக அருகில் உள்ள பொருள் வரை கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

விதைக்காகத்தானே வளர்க்கிறோம், செடி சாவதில்லையே என்று கேட்கலாம். சாவதில்லை. ஆனால் நடுவதற்கான கிழங்கு? ஒரு காலத்தில் அது காட்டில் இருந்தும் வேலியோரத்தில் இருந்தும் தோண்டி வந்ததுதான். என் சின்ன வயதில் சிறுமலை அடிவாரத்து வேலிகளில் தீ பற்றினாற்போலப் பூத்திருக்கும். இப்போது அந்தச் சாலையில் போனால் நான் கண்ணால் துழாவிக்கொண்டே போகிறேன்.

காலையில் வயலில் இறங்கி, பூ பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைப்பதைப் பற்றி அவர் எழுதியிருந்தது அருமை. "பூவுக்குப் பூ தொட்டாத்தான் காய். விட்டா இல்லை" என்கிறார். ஜீன் பற்றிப் பேசுகிற நாங்கள் எல்லாம் அந்தக் கையை மறந்துவிடுகிறோம்.

16 ஜூன்

காட்டு மூலிகைக்குத்தான் வீரியம், தோட்டத்து மூலிகைக்கு இல்லை என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். இன்னொருவர் அது மூடநம்பிக்கை என்கிறார். இரண்டு பேரிடமும் எனக்கு வாதம் உண்டு.

முதலாமவருக்கு: பாதி சரி. புட்டியில் குட்கித் தண்டின் துண்டை வைத்து ஹார்மோன் கொடுத்தால், அது காலஸ் என்று உருவமில்லாத செல் கட்டியாக மாறும். அதில் இருக்கும் ஜீன் அப்படியே செடியின் ஜீன்தான், ஓர் எழுத்து மாறாது. ஆனால் பிக்ரோசைடு 1 கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அதே கட்டியில் இருந்து மறுபடி தளிர் வந்து இலை விரித்ததும் மருந்து திரும்பி வரும். நானே வாரா வாரம் அளந்திருக்கிறேன். இலை என்ற உருவம் வந்தால்தான் அந்த ஜீன்கள் விழிக்கின்றன. உருவத்துக்கும் மருந்துக்கும் இவ்வளவு நெருக்கம்.

நித்தியகல்யாணியில் இது இன்னும் தெளிவு. அதில் இருந்து எடுக்கும் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துக்கான பாதை ஒருவகைச் செல்லில் தொடங்கி, மேல்தோல் செல்லுக்குப் போய், மூன்றாவது வகைச் செல்லில் முடிகிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு 500 கிலோவுக்கு மேல் காய்ந்த இலை வேண்டும். சுடுகாட்டில்கூடத் தானாக வளர்கிற செடி என்பதால் அது தாங்குகிறது. குட்கி தாங்குமா?

இரண்டாமவருக்கு: வைத்தியர்கள் பருவம் பார்த்து, இடம் பார்த்து, எந்த உறுப்பு என்று பார்த்துப் பறித்தது அளவுக் கருவி இல்லாமல் செய்த கவனிப்பு. பருவமும் இடமும் உறுப்பும்தான் மே 19ஆம் தேதி நான் எழுதிய பட்டியல். அதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் "காடு" என்பதில் தனி மந்திரம் இல்லை. அதே உயரம், அதே குளிர், அதே பருவம் கிடைத்தால் தோட்டத்துக் குட்கியும் கசக்கும். காட்டுச் சரக்குதான் வேண்டும் என்று அடம்பிடிப்பது செடியைக் கொல்கிறது. இதில் எனக்குச் சமாதானம் கிடையாது.

16 ஜூன், மாலை

குளிரறை பற்றி ஒன்று. இரண்டாம் வருடம் மே மாதம், எங்கள் வளர்ப்பு அறையின் குளிரூட்டி நின்றுபோனது. உதிரிப் பாகம் வர இரண்டு வாரம். மூன்று மாத வேலை வீண் என்று உடைந்துபோனேன். செடிகள் சாகவில்லை. வாடக்கூட இல்லை, பச்சைப் பசேல் என்று நின்றன. கண்ணால் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அளந்தபோதுதான் பிக்ரோசைடு சரிந்திருந்தது தெரிந்தது.

மலை சூடாகிக்கொண்டு வருவதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வருகிறது. செடி நிற்கும். கசப்பு போயிருக்கும். எண்ணிக்கை எடுப்பவர்கள் "இருக்கிறது" என்று குறித்துக்கொண்டு போவார்கள்.

7 ஜூலை

செடியைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன், எடுப்பவர்களைப் பற்றி எழுதவில்லை என்று மதுரையில் இருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். நியாயம்.

உத்தரகண்டில் மரம் வளரும் எல்லைக்கு மேலே இருக்கும் மலைப் புல்வெளிகளை புக்யால் என்கிறார்கள். ஒரு செப்டம்பரில் அங்கே ஏறினேன். குட்கி இருந்த இடங்களில் சிறு சிறு குழிகள். கோழி கிளறினாற்போல மண் புரண்டிருந்தது. கீழே ஊரில் வயதான ஓர் அம்மா, கூட வந்த நண்பர் மொழிபெயர்க்க, சொன்னது: மாமியார் காலத்தில் மாடு மேய்க்கப் போகிற தூரத்திலேயே கிடைத்தது, இப்போது இரண்டு நாள் மேலே ஏற வேண்டும். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பேரனின் பள்ளிக் கட்டணம் அந்த மூட்டையில் இருந்தது.

வேர்த்தண்டைத் தோண்டினால் செடி முடிந்தது. விட்டுவைத்த துண்டில் இருந்து படரலாம், ஆனால் பறிப்பவருக்கு அந்தப் பொறுமைக்கு விலை யாரும் கொடுப்பதில்லை. 1997இல் குட்கியும் சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. காட்டில் எடுத்ததை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. உள்நாட்டுச் சந்தையில் மூட்டை எங்கே இருந்து வந்தது என்று கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

நம்பிக்கையும் அங்கேதான் பார்த்தேன். கர்வால் பல்கலைக்கழகத்துக்கு ஸ்ரீநகரில் உயர்மலைத் தாவரங்களுக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. இந்த ஸ்ரீநகர் அலகநந்தா கரையில் இருப்பது, காஷ்மீர் ஊர் இல்லை. அவர்கள் பல வருடமாகக் கிராமங்களில் குட்கி சாகுபடியைப் பரப்பி வருகிறார்கள். சமோலி மாவட்டத்தில் கேஸ் என்ற ஊர் குட்கி பயிரிடுவதற்கே பெயர் வாங்கிவிட்டது. நட்டு ஏறக்குறைய மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். ஆனால் உயரம் அதுவே, பனி அதுவே. ஜீனை எழுப்ப வேண்டிய எல்லாம் அந்த வயலிலேயே இருக்கிறது.

ஈரோட்டு நண்பரே, "எங்கே நடலாம்" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த ஊர்தான்.

21 செப்டம்பர்

இரண்டு மாதமாக ஒன்று மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது.

இலையுதிர் காலத்தில் குட்கியின் இலை எல்லாம் எப்படியும் காய்ந்து விழப் போகிறது. அந்த இலையில் பிக்ரோசைடு 1 இருக்கிறது. காய்வதற்கு முன்னால் இலையை மட்டும் அறுத்தால்? செடி அடுத்த வருடம் மறுபடி துளிர்க்கும். பிடுங்கவே வேண்டாம். இதை ஆய்வாளர்களும் சொல்லியிருக்கிறார்கள். நான் மாமாவிடம் போனில் உற்சாகமாகச் சொன்னேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கடுகுரோகிணின்னா வேருதான் மாப்ள. இலையைக் குடுத்தா அது வேற மருந்து. நான் அந்தப் பேரைச் சொல்லி விக்க முடியாது."

முதலில் பிடிவாதம் என்று நினைத்தேன். இரவில் யோசித்தபோது அவர் சொல்வதுதான் சரி என்று பட்டது. இலையில் சின்னமிக் அமிலம் ஒட்டியது. வேர்த்தண்டில் வனிலிக் அமிலம் ஒட்டியதும் உண்டு. பிக்ரோலிவ் சாற்றிலேயே இரண்டு வகையும் சேர்ந்துதான் இருக்கின்றன, பிக்ரோசைடு 1 ஒரு பங்குக்கு, வனிலிக் ஒட்டிய குட்கோசைடு ஒன்றரைப் பங்கு. மே மாதம் நானே "உறுப்பு ஒரு ஸ்விட்ச்" என்று எழுதிவிட்டு, செப்டம்பரில் இலையும் வேரும் ஒன்று என்று பேசியிருக்கிறேன்.

ஆனாலும் இலையை விடப் போவதில்லை. பிக்ரோசைடு 1 மட்டும் தேவைப்படும் தொழிலுக்கு இலை போகட்டும். அதனால் வேருக்கு வரும் நெருக்கடி கொஞ்சம் குறைந்தாலும் போதும். நாட்டு மருந்துக் கடைக்கு வேர்தான், அதுவும் பயிரிட்ட வேர். இரண்டையும் தனித்தனிப் பெயரில் விற்க வேண்டும்.

3 நவம்பர்

தீபாவளிக்குத் திண்டுக்கல் போயிருந்தேன். மாமா இப்போது மூட்டை வரும்போது நாக்கில் வைப்பதோடு நிற்பதில்லை. "பயிர் பண்ணதா, மலையில புடுங்கினதா?" என்று கேட்கிறாராம். டெல்லிக்காரர் முதலில் சிரித்திருக்கிறார், அப்புறம் விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். இன்னும் பதில் வரவில்லை.

கடையில் கடுகுரோகிணி டப்பா காலியாக இருக்கிறது. அதன் மேல் அத்தை கையெழுத்தில் ஒரு சீட்டு: "தோட்டத்துச் சரக்கு வந்ததும் கிடைக்கும்."